வாயிற்காவலனும் லைசென்ஸ் சட்டமும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இரவு பதினொரு மணிக்குமேல் பிரயாணம் செய்கிறவர்கள் வழி நெடுக ஒரே மாதிரியான ஓர் உருவத்தைக் காண்பார்கள். சிப்காட் ஆலைகளின் இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் அது நிற்கிறது. பூட்டிய கிடங்குகளின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கிறது. சிதம்பரம் தேர்வீதிகளில் நகைக்கடைப் படிகளிலும், ஆஸ்பத்திரி வாசல்களிலும், கல்யாண மண்டபங்களின் முகப்பிலும் அதே உருவந்தான்: சாயம் போன சட்டை, தலைக்குப் பொருந்தாத தொப்பி, தோளில் தொங்கும் ஊதற்கயிறு. அவ்வுருவத்துக்குப் பெயர் இல்லை. ‘செக்யூரிட்டி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. ஊரார் தங்கள் பொருளையும் சில சமயங்களில் உயிரையும் இந்த ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறார்கள். ஆனால் அவன் யார், அவனை அங்கே நிறுத்தியவர் யார், அவ்வாறு நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா என்று விசாரிப்பார் இல்லை.

அண்மையில் ஒரு வழக்கு விஷயமாகக் கடலூர் சென்றிருந்த நாம், மஞ்சக்குப்பத்தில் மழைக்கு ஒதுங்க நேர்ந்தது. ஒதுங்கிய தாழ்வாரத்தில் காவல் இருந்தவர் ஒரு கிழவர். தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை நமக்குக் கொடுத்துவிட்டுப் படியில் அமர்ந்தார். பேச்சு வளர்ந்தது.

“பெரியவரே, எத்தனை மணி நேர வேலை?” என்று கேட்டோம்.

“சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தால் காலை ஏழு மணிக்குப் போவேன், ஐயா. மாற்றாள் வராவிட்டால் பகலும் நான்தான்.”

“வயது?”

“அறுபத்தெட்டு ஆகிறது.”

“பயிற்சி ஏதாவது கொடுத்தார்களா?”

“சட்டை கொடுத்தார்கள், ஐயா. அதற்கும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.”

“உங்கள் ஏஜென்ஸிக்கு லைசென்ஸ் உண்டா?”

“அதெல்லாம் முதலாளிக்குத்தான் தெரியும். எனக்கு அவருடைய போன் நம்பர் மட்டுந்தான் தெரியும்.”

மழை விட்டது. அக்கிழவருடைய விடைகளில் சட்டம் எந்தெந்த இடத்தில் மீறப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நாம் திரும்பினோம். இந்தக் கட்டுரைக்கு அதுவே காரணம்.

இத்தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தனியார் பாதுகாப்பு ஏஜென்ஸிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டில் நிறைவேறி, 2006 மார்ச்சு மாதத்தில் அமலுக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் எவரும் காவலாட்களை அனுப்பும் தொழிலை நடத்தக் கூடாது என்பது அதன் 4-ஆம் பிரிவு. மீறி நடத்துகிறவருக்கு ஒரு வருஷம்வரை சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இருக்கிறது, அதைப் பற்றிய ஞாபகந்தான் ஊரில் இல்லை.

காவலாள் அனுப்பும் தொழிலுக்குச் சர்க்காரின் அனுமதி எதற்கு, மளிகைக் கடை வைப்பதுபோல் இதுவும் ஒரு வியாபாரந்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வேறு ஊர்க்காரர் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கடலூர்க்காரர் கேட்கலாகாது. 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுந்ததோ அவ்வளவு தூரத்திலுள்ள கிராமங்களும் கிரயத்தில் சேர்ந்தன. வந்தவர்கள் துணி வாங்க வந்த வியாபாரிகள். சரக்கையும் கிடங்கையும் காக்க வேண்டும் என்று சொல்லி ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். 1746-இல் சென்னைப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் இக்கோட்டையே சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமை ஸ்தானமாயிற்று. 1748-இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்ற தளபதி இங்கே வந்து இறங்கிக் கம்பெனியின் ஆட்களைப் படையாக ஒழுங்கு செய்தார். கிடங்குக் காவல் பட்டாளமாயிற்று, பட்டாளம் ராஜ்யமாயிற்று. ஒரு வியாபாரி கூலிக்கு வைத்த காவல் எவருக்கும் கட்டுப்படாமல் வளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு உலக சரித்திரத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அந்தக் கோட்டையின் இடிபாடுகள் நம் ஊர்க் கடற்கரையிலேயே கிடக்கின்றன.

ஆகவே ஆயுதமும் உடுப்பும் தரித்துப் பிறரைத் தடுத்து நிறுத்தும் தொழில் சர்க்காரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ராணுவத்தின் உடுப்பையோ போலீஸ் உடுப்பையோ, அவற்றைப்போலத் தோன்றும் உடுப்பையோ தனியார் காவலன் அணிந்தால், அவனுக்கும் ஏஜென்ஸியின் சொந்தக்காரருக்கும் ஒரு வருஷம்வரை சிறையும் 5,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம் என்று 2005-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுவது இந்த நியாயம் பற்றியேயாகும். கூலிக்கு நிற்பவனும் சர்க்கார் அதிகாரியும் ஜனங்களின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றலாகாது.

கம்பெனியார் வருமுன் நம் நாட்டில் காவல் இல்லாமல் இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் பாடிகாவல் என்ற வரி காணப்படுகிறது. பிற்காலத்தில் கிராமக் காவற்காரனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு. களவு போனால் அவன் கண்டுபிடித்துத் தரவேண்டும். அல்லது பொருளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அம்முறையில் கொடுமைகளும் இருந்தன. காவற்கூலி என்ற பெயரால் கொள்ளையடித்தவர்களும் உண்டு. 1816-ஆம் வருஷத்து ரெகுலேஷனும் 1859-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டமும் வந்தபின் பழைய காவல் முறை படிப்படியாக மறைந்தது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பழைய காவற்காரனுக்குப் பொறுப்பும் இருந்தது, பங்கும் இருந்தது. இன்றைய வாயிற்காவலனுக்குப் பொறுப்பு மட்டும் பழையபடி இருக்கிறது. பங்கைக் காணோம்.

சட்டம் கேட்பது என்ன என்பதை வாசகர்கள் அறிவது நலம். லைசென்ஸ் வழங்கும் அதிகாரி மாநில உள்துறையில் இணைச் செயலாளர் தரத்துக்குக் குறையாதவராய் இருக்கவேண்டும். ஒரு ஜில்லாவில் மட்டும் தொழில் நடத்துவதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். ஐந்து ஜில்லாக்கள்வரை 10,000. மாநிலம் முழுமைக்கும் 25,000. மனுப்போட்ட 60 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். கொடுத்த லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரும், ஒழுக்கக்கேட்டுக்காகச் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டவரும் லைசென்ஸ் பெற இயலாது. பெற்ற லைசென்ஸைத் தொழில் நடத்தும் இடத்தில் யாவரும் காணும்படி வைக்க வேண்டும்.

காவலாளுக்கும் சட்டம் தகுதி வகுத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அறுபத்தைந்து நிரம்பியிருக்கக் கூடாது. முன்நடத்தை விசாரிக்கப்பட வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும். படத்துடன் கூடிய அடையாளச் சீட்டை ஏஜென்ஸி கொடுக்க வேண்டும். பழைய சிப்பாய்களுக்கும் போலீஸாருக்கும் ஊர்க்காவல் படையினருக்கும் முதலிடம் தரலாம்.

பயிற்சி எவ்வளவு? மத்திய சர்க்கார் 2006-இல் வெளியிட்ட மாதிரி விதிகள், வகுப்பில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமுமாக, இருபது வேலை நாட்களுக்குக் குறையாத பயிற்சியை வகுத்தன. தீயணைத்தல், கூட்டத்தைக் கட்டுப்படுத்தல், முதலுதவி, வெடிபொருளை அடையாளம் காணல், தற்காப்புரிமை பற்றிய சட்ட அறிவு ஆகியவை பாடங்கள். ஆண் காவலன் 160 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் ஓட வேண்டும். ஊதல் இடது பையில் இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் கையில் வேண்டும். பதினைந்து பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். 2020-இல் புதிய மாதிரி விதிகள் வந்தன. பயிற்சி பெறாதவன் காவலன் ஆகான் என்ற அடிப்படையோ சட்டத்திலேயே இருப்பது, அது மாறவில்லை.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடலாகாது. கடலூர் சிப்காட் வளாகத்தில் இரசாயன ஆலைகள் பல இருக்கின்றன. 2021 மே மாதத்தில் அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் நேர்ந்த விபத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அத்தகைய வேளையில் கதவைத் திறந்து தீயணைப்பு வண்டிக்கு வழிவிடுகிறவன் வாயிற்காவலன். காற்று எத்திசையில் அடிக்கிறது, தொழிலாளரை எந்த வழியாக வெளியேற்ற வேண்டும், யாருக்கு முதலில் தகவல் தரவேண்டும் என்பவை அவனுக்குத் தெரிந்திருந்தால் பல உயிர் பிழைக்கும். சிதம்பரத்திலோ மார்கழித் திருவாதிரையிலும் ஆனித் திருமஞ்சனத்திலும் நான்கு தேர்வீதிகளும் ஜனக்கடலாகின்றன. கடைவாசலில் நிற்கும் காவலன் நெருக்கடியில் ஒரு குழந்தையைத் தூக்கிவிடக் கற்றிருக்கிறானா, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போகக் கற்றிருக்கிறானா என்பது சிறிய விஷயம் அன்று. 160 மணி நேரப் பயிற்சி என்பது சட்டத்தின் ஆடம்பரமல்ல. நம்முடைய உயிருக்கு எழுதிய பத்திரம்.

சட்டத்தை இவ்வளவு புகழ்ந்த நாம், அதன் பெரிய குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லைசென்ஸ் ஏஜென்ஸிக்கு உரியது. காவலனுக்கு உரியதாக லைசென்ஸ் எதுவும் இல்லை. அடையாளச் சீட்டு ஏஜென்ஸி கொடுப்பது. பதிவேடு ஏஜென்ஸி வைத்திருப்பது. ஏஜென்ஸியை விட்டு விலகினால் பத்து வருஷம் காவல் இருந்தவனும் நேற்று வந்தவனும் ஒன்றே. ஒரு லாரி டிரைவருடைய லைசென்ஸ் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு முதலாளி அநியாயம் செய்தால் அவர் வேறு லாரியில் ஏறிக்கொள்வார். வாயிற்காவலனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. உயரத்தை அளந்து, மார்பை அளந்து, ஓட்டத்தை அளந்து பார்த்த சட்டம், அவனுடைய பெயரில் ஒரு லைசென்ஸ் கொடுக்க மறந்துவிட்டது.

கூலி விஷயத்தில் சட்டம் முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. காவலாட்களின் பெயர், விலாசம், படம் ஆகியவற்றோடு சம்பளத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. அதிகாரிகள் அப்பதிவேட்டைப் பார்வையிடலாம். தொழிலாளர் சட்டங்கள் சிலவற்றை அட்டவணையில் குறித்து, அவற்றை மீறும் ஏஜென்ஸியின் லைசென்ஸை ரத்து செய்யலாம் என்றும் கூறுகிறது. 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவற்றுள் ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கள் அமலுக்கு வந்து, பழைய கூலிச் சட்டத்தின் இடத்தை 2019-ஆம் வருஷத்து ஊதியத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. ‘அட்டவணையிலுள்ள சட்டமே போய்விட்டது, இனி எங்களைக் கேட்பார் யார்?’ என்று எந்த ஏஜென்ஸியாவது வாதிக்கத் துணியுமானால், 1897-ஆம் வருஷத்துப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவை அவர்கள் படிக்கட்டும். ஒரு சட்டம் நீக்கப்பட்டு வேறு உருவில் மீண்டும் இயற்றப்பட்டால், பழையதைச் சுட்டும் இடங்களெல்லாம் புதியதைச் சுட்டுவனவாகக் கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. ஆகையால் குறைந்தபட்சக் கூலி தராத ஏஜென்ஸியின் லைசென்ஸை ரத்து செய்யும் அதிகாரம் இன்றும் சர்க்காரிடம் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி தரவேண்டும் என்பதும் புதிய தொகுப்பில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கும் கிழவருக்கு அக்கணக்கைப் போட்டுக் காட்டியவர் எவரேனும் உண்டா?

கூலி மட்டுமன்று, மானமும் இதில் அடங்கியிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் வாயிற்காவலன் ஒரு சாதாரணப் பிரஜை. போலீஸ் அதிகாரம் அவனுக்கு இல்லை. தன் கண்ணெதிரே ஜாமீனில் விடமுடியாத, வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால், எந்தப் பிரஜையும் குற்றவாளியைப் பிடிக்கலாம்; ஆறு மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 40-ஆம் பிரிவு இவ்வளவே தருகிறது. அதற்கு மேல் அவன் கை நீட்டினால் அவனே குற்றவாளி. ஆனால் அபாயம் வரும்போது முதலில் நிற்கிறவன் அவன். பொருள் காணாமற் போனால் முதலில் சந்தேகிக்கப்படுகிறவனும் அவனே. 2017 ஏப்ரலில் நீலகிரியில் கொடநாடு எஸ்டேட்டுக்குள் புகுந்த கொள்ளைக் கூட்டத்தாரால் கொல்லப்பட்டவர் ஒரு வாயிற்காவலர். 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரம் கோயிலில் காவற்பணியிலிருந்த இளைஞர் ஒருவர், நகை காணோம் என்ற புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டுப் போலீஸ் பிடியில் உயிரிழந்தார்; அவ்வழக்கு மத்தியப் புலனாய்வு ஸ்தாபனத்துக்கு மாற்றப்பட்டது. ஒருவர் திருடர் கையில் மாண்டார். மற்றவர் திருடனைப் பிடிக்க வேண்டியவர்கள் கையில் மாண்டார். தன் நடத்தைக்குச் சான்றாகச் சர்க்கார் முத்திரையிட்ட ஒரு பத்திரம் கையில் இருந்தால் உயிர் தப்பும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாதியற்றவன் என்ற எண்ணம் எதிரிலிருப்பவருக்கு எழாது என்று சொல்லலாம்.

வேறு இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள்? மகாராஷ்டிரத்தில் 1981-ஆம் வருஷத்திலேயே காவலாட்களின் வேலை, நலம் பற்றிய தனிச் சட்டம் இயற்றினார்கள். முதலாளிகள், காவலர், சர்க்கார் ஆகிய மூவர் பிரதிநிதிகளும் சேர்ந்த வாரியம் காவலரைப் பதிவு செய்கிறது. கூலி வாரியத்தின் வழியாக வருகிறது. இங்கிலாந்தில் 2001-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒப்பந்தக் காவலாள் ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே லைசென்ஸ் பெறவேண்டும். முதலாளியை மாற்றினாலும் லைசென்ஸ் அவருடையதே. நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 2016 செப்டம்பர் முதல், காவலருக்குப் படிப்படியாக உயரும் கூலி விகிதத்தைக் கொடுப்பது ஏஜென்ஸி லைசென்ஸின் நிபந்தனையாகவே ஆக்கப்பட்டது. கூலி குறைந்தால் லைசென்ஸுக்கு ஆபத்து. ஆங்கிலேயரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டவை அநேகம். எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று எதிரே இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்?

ஏஜென்ஸி நடத்துவோரின் கக்ஷியையும் கேட்கவேண்டும். ‘இருபது நாள் பயிற்சி கொடுத்தால் அச்செலவை யார் தருவார்? பயிற்சி முடிந்ததும் ஆள் வேறிடம் போய்விடுகிறான். டெண்டரில் குறைந்த தொகை எழுதியவருக்கே வேலை கிடைக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் எங்களைவிடக் குறைவாக எழுதுகிறார்’ என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் டெண்டர் எழுதினால், மிச்சம் எங்கிருந்து வரும் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். காவலாளின் வயிற்றிலிருந்துதான் வரும். ஆகவே குற்றம் ஏஜென்ஸியோடு நிற்கவில்லை. மலிவு கேட்கிற ஆலை முதலாளி, ஆஸ்பத்திரிக்காரர், குடியிருப்புச் சங்கத்தார், சர்க்கார் காரியாலயங்கள் யாவரும் அதில் பங்காளிகள். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கியவரே கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதல் நிலைத்துவிட்ட கொள்கை என்பதை அவர்கள் நினைவிற் கொள்ளட்டும்.

நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, லைசென்ஸ் பெற்ற ஏஜென்ஸிகளின் ஜாபிதாவை ஜில்லாதோறும் தமிழில் வெளியிட்டு, கலெக்டர் காரியாலயத்திலும் போலீஸ் ஸ்டேஷன்களிலும் ஒட்டவேண்டும். இரண்டாவது, பயிற்சி முடித்த காவலனுக்கு அவன் பெயரிலேயே சர்க்கார் சான்றுச் சீட்டு வழங்கவேண்டும். ஏஜென்ஸி மாறினாலும் அது மாறலாகாது. மூன்றாவது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது, கூலி பாங்கிக் கணக்கில் முழுமையாகச் செலுத்தப்பட்டதற்கு அத்தாட்சி கேட்கவேண்டும். நான்காவது, சர்க்கார் ஸ்தாபனங்கள் குறைந்தபட்சக் கூலிக்கு உட்பட்ட டெண்டரைத் திறந்த அன்றே தள்ளிவிடவேண்டும். இவற்றில் முதலாவதற்கும் நான்காவதற்கும் புதிய சட்டம் தேவையில்லை; ஓர் உத்தரவு போதும். மூன்றாவதற்கு மாநில விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சர்க்கார் செய்யும்வரை ஜனங்கள் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் காவலாள் அமர்த்தும் ஒவ்வொருவரும் ஏஜென்ஸிக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: லைசென்ஸ் எங்கே? இந்த ஆளுக்குப் பயிற்சி கொடுத்தீரா? நாம் தரும் பணத்தில் அவன் கைக்குப் போவது எவ்வளவு? தாமே நேரடியாக ஆள் வைத்துக்கொள்கிறவருக்கு ஏஜென்ஸி லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

மஞ்சக்குப்பத்துக் கிழவரை அறுபத்தைந்து வயது கடந்தவர் என்று சொல்லி நாளைக்கே வேலையிலிருந்து நீக்கிவிட்டால் சட்டம் காப்பாற்றப்பட்டதாகிவிடுமா? அவ்வாறு செய்தால் நாம் எழுதியதெல்லாம் அவருக்குத் தீங்காய் முடியும். அந்த வயதில் ஒருவர் இரவு முழுவதும் படியில் உட்கார நேர்ந்தது, இளமையில் உழைத்த வருஷங்களுக்குப் பிராவிடண்டு நிதியோ பென்ஷனோ அவர் பெயரில் சேராததனால். இன்று முப்பது வயதில் தொப்பி அணிந்து நிற்கிறவனுக்கு நியாயமான கூலியும் தன் பெயரில் ஒரு சான்றும் கிடைத்தால், அவன் அறுபத்தெட்டாவது வயதில் தன் வீட்டுத் திண்ணையில் உறங்குவான். லைசென்ஸ் சட்டத்தின் பயன் அதுவாக இருக்கவேண்டும். ஊர் உறங்குவதற்காக விழித்திருக்கிறவனுக்கு ஊர் பட்டிருக்கும் கடன் அது.